ஸ்டீல் தொட்டியும் வால்டர் அத்தானின் பையும்

ஏரவாடா, புனே
22 ஜூன் 2025

அன்புள்ள வால்டர் அத்தானுக்கு ஜோனாஸ் எழுதுவது.

கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் மழைக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. நீங்களும் அக்காவும் சுகமாக இருக்கிறீர்களா?

போன ஞாயிறு போனில் நாம் போட்ட சண்டைக்கு அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். இனித் தொட்டியைப் பற்றியோ பையைப் பற்றியோ போனில் ஒரு வார்த்தை பேசக் கூடாதாம். வேண்டுமானால் கடிதம் எழுதிக்கொள்ள வேண்டுமாம். கடிதத்தில் கத்த முடியாது என்று நினைத்துவிட்டாள். நான் கத்திக் காட்டுகிறேன், பாருங்கள்.

முதலில் என் பக்கத்தை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். ரஞ்சன்காவ் ஆலையில் நாங்கள் புற்றுநோய் மருந்து செய்வது ஸ்டீல் தொட்டியில். உள்ளே உயிருள்ள செல்களை வளர்க்கிறோம், அவை மருந்தைச் சுரக்கின்றன. ஒவ்வொரு தடவையும் மருந்தை எடுத்த பிறகு தொட்டியைக் காரம் போட்டுக் கழுவி, நீராவி விட்டு, ஒரு கிருமிகூட இல்லாமல் ஆக்க வேண்டும். அதுதான் என் வேலை. என்னோடு நாலு பேர் இருக்கிறார்கள். இப்போது புதுக் கூடம் கட்டுகிறார்கள். அது ஓடத் தொடங்கியதும் பழையதை மூடிவிடுவார்கள். புதுக் கூடத்துக்கும் ஸ்டீல் தொட்டியே வாங்குவதா, உங்கள் கம்பெனி விற்கிற, ஒரு தடவை பயன்படுத்திவிட்டுத் தூக்கி எறிகிற பிளாஸ்டிக் பையை வாங்குவதா என்று ஆலைத் தலைவர் வைஜயந்தி மேடம் டிசம்பரில் முடிவு செய்வார். பை விற்பவர் என் அக்கா புருஷன் என்று அவரிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். "அப்ப உனக்கு இதுல ஓட்டு கிடையாது, வேலைய மட்டும் பாரு" என்றார்.

ஆக, பை வந்தால் கழுவ ஆள் தேவையில்லை. நானும் என் நாலு பேரும் வேறு இடம் தேட வேண்டும். ஆனால் உங்களுக்குப் புனே கிளை மேனேஜர் பதவி கிடைக்கும், அக்கா எங்கள் பக்கத்துக்கே வந்துவிடுவாள். இதைக் கேட்டதிலிருந்து அம்மா நான் வேலைவிட்டு வரும்போதெல்லாம் "ஏலே, பை வாங்கியாச்சால?" என்கிறாள். பெற்ற மகனின் பிழைப்பைப் பற்றி ஒரு கேள்வி இல்லை.

அக்காவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

கோபம் ஆறாத மைத்துனன்,
ஜோனாஸ்


பெரம்பூர், சென்னை
6 ஜூலை 2025

அன்பு மாப்பிள்ளைக்கு,

அத்தானின் வாழ்த்துகள். இங்கே வெயில் இன்னும் ஆளை விட்டபாடில்லை. மற்றபடி நாங்கள் இருவரும் சுகம். அத்தையின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லி உன் அக்கா சொல்கிறாள். உன் கடிதத்தை அவள்தான் முதலில் பிரித்துப் படித்தாள். படித்து முடித்து என்னிடம் நீட்டிவிட்டு, பத்தாம் வகுப்புக் கணக்குப் பேப்பர் திருத்தப் போய்விட்டாள்.

கத்தி முடித்தாயா? இப்போது நான் கேட்கிறேன். கல்யாண வீட்டில் ஐந்நூறு பேருக்குப் பந்தி. சாப்பிட்டு முடித்ததும் எவர்சில்வர் தட்டை மலையாகக் குவித்து விடிய விடியத் தேய்ப்பது நல்லதா, வாழை இலையை மடித்து எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த பந்திக்கு ஆளை உட்கார வைப்பது நல்லதா? என் பை வாழை இலை, மாப்பிள்ளை. கிருமி நீக்கி, மடித்து, பெட்டியில் வரும். ஸ்டீல் சட்டத்துக்குள் மாட்டு, காற்றடித்து விரி, செல்லை ஊற்று. வேலை முடிந்ததா, தூக்கிப் போடு. கழுவல் கிடையாது, நீராவி கிடையாது. இன்று ஒரு மருந்து, நாளை வேறொன்று, ஒன்றின் மிச்சம் இன்னொன்றில் கலக்குமோ என்ற பயமும் கிடையாது.

உன் நாலு பேருக்கு நான் வேலை வாங்கித் தருகிறேன். உனக்கும்தான். ஆனால் நீ என்னை 'சார்' என்று கூப்பிட வேண்டியிருக்கும்.

அத்தைக்கு எங்கள் அன்பு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மேல் பாசமுள்ள அத்தான்,
வால்டர்


ஏரவாடா
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதமும் அதிலிருந்த திமிரும் பத்திரமாக வந்து சேர்ந்தன. இங்கே விடாத மழை. கம்பெனி பஸ் வாகோலியில் தண்ணீருக்குள் நின்று நின்று போகிறது. நாங்கள் சுகம்.

வாழை இலை என்றீர்கள். வாழை இலையை நான் மார்க்கெட் யார்டில் வாங்குவேன். உங்கள் இலை கப்பலில் வர வேண்டும். கப்பல் ஒரு மாதம் நின்றால் என் பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கள் என்ன செய்வார்கள்? அவர்கள் புற்றுநோய்க்காரர்கள், அத்தான். சாப்பிட்ட இலையை மாட்டுக்குப் போடலாம், உங்கள் பையைப் போட முடியுமா? என் தொட்டி அப்படி இல்லை. எந்த வெல்டிங்கில் அழுக்குத் தங்கும், எந்த வால்வு மழைக்காலத்தில் மக்கர் செய்யும் என்று எனக்குத் தெரியும். இருபது வருஷம் அப்படியே நிற்கும்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பாதி ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு நீராவியில்தான் போகின்றன. பாஸ்டர் என்னை வழியில் கண்டால் புதிதாக ஊருக்கு வந்தவனை விசாரிக்கிற மாதிரி விசாரிக்கிறார்.

மேடம் ஒரு சோதனை வைக்கச் சொல்லியிருக்கிறார். இருநூறு லிட்டர் பை ஒன்றில் தண்ணீர் நிரப்பி, கலக்கிவிட்டு, ஒழுகாமல் நிற்கிறதா என்று ஒரு வாரம் பார்க்க வேண்டும். பழைய பேக்கிங் கொட்டகையில் இடம் ஒதுக்கியாயிற்று. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு. திருடனிடமே சாவியைக் கொடுத்த மாதிரி என்று சிரிக்காதீர்கள். நியாயமாகப் பார்ப்பேன்.

அக்காவுக்கு அன்பு.

இப்படிக்கு,
ஜோனாஸ்


பெரம்பூர்
14 செப்டம்பர் 2025

அன்பு மாப்பிள்ளை,

சுகம், சுகம் அறிய ஆவல். சட்டமும் பையும் நேற்று லாரியில் ஏறின. ஒன்றுக்கு இரண்டு பை வைத்திருக்கிறேன், ஒன்று உபரி. பெட்டியைப் பிளேடால் கிழிக்காதே. முக்கால்வாசிப் பைகள் ஓட்டையாவது பெட்டி திறக்கிற பிளேடால்தான். டேப்பைக் கையால் உரி. மோதிரம், வாட்சைக் கழற்றிவிட்டுத் தொடு. கூர்மையான எதுவும் கிட்டே வரக் கூடாது.

விளையாட்டாக இத்தனை நாள் எழுதிவிட்டேன். இப்போது உண்மையைச் சொல்கிறேன். இந்த ஆர்டர் எனக்கு வேண்டும். பதவிக்காக இல்லை என்று சொன்னால் பொய், பதவிக்காகவும்தான். ஆனால் உன் அக்கா சனிக்கிழமை சாயங்காலம் அத்தையோடு போனில் பேசி வைத்த பிறகு, ரொம்ப நேரம் என்னோடு பேசுவதில்லை. பாத்திரத்தை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருப்பாள். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

நீ நியாயமாகப் பார்ப்பாய் என்று எனக்குத் தெரியும்.

அன்புடன்,
வால்டர்


ஏரவாடா
1 அக்டோபர் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

அனைவரும் சுகம். உங்கள் பை ஜம்மென்று நிற்கிறது. டேப்பைக் கையால்தான் உரித்தேன், நகம்கூட வெட்டிக்கொண்டேன். இரண்டு நாளாக ஒரு சொட்டு இல்லை. சொல்ல எனக்கு வயிறு எரிகிறது, ஆனாலும் சொல்கிறேன்.

இன்று ஆலையில் தசரா பூஜை. நாளை லீவு என்பதால் இன்றே வைத்துவிட்டார்கள். பாய்லருக்கு, பம்புக்கு, ஃபோர்க்லிஃப்ட்டுக்கு, கேன்டீன் மிக்ஸிக்குக்கூட மஞ்சள் குங்குமம். சுத்த அறைக்குள் பூ போகக் கூடாது என்பதால் தொட்டிக்கு வெளிக் கதவில் மாலை. எல்லாம் முடிந்த பிறகு எங்கள் கிருஷ்ணா வந்து நின்றார். நாலு பேரில் மூத்தவர், ஷிக்ராபூர்க்காரர். "ஸாஹேப், பாஹுணா கோரா உபா ஆஹே" என்றார். வந்த விருந்தாளி வெறுமனே நிற்கிறாரே என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. உங்கள் பையைத்தான் சொல்கிறார். அதற்கும் ஒரு செவ்வந்தித் தோரணம் கட்டி வைத்திருந்தார்.

ஆலையில் உயரமானவன் நான்தானே. வாயில் நாலு ஊக்கைக் கவ்விக்கொண்டு ஸ்டூலில் ஏறி, சட்டத்தின் முகப்பில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாகத் தோரணத்தைக் குத்தி மாட்டினேன். எல்லாரும் கை தட்டினார்கள். கிருஷ்ணா எனக்கு ஆப்டா இலை கொடுத்தார். இங்கே தசராவுக்கு அதைத் தங்கம் என்று சொல்லிக் கொடுப்பார்கள். உங்கள் பைக்கும் ஒன்று வைத்தார்.

அக்காவுக்கு ஒரு போட்டோ அனுப்ப ஆசைதான். ஆலைக்குள் போன் கூடாது, அதனால் எழுத்திலேயே பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உயரமான மைத்துனன் ஜோனாஸ்


ஏரவாடா
4 அக்டோபர் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

சுகம். நேற்றுக் காலை போய்ப் பார்த்தபோது பைக்குக் கீழே தரையெல்லாம் தண்ணீர். மேடமும் வந்து பார்த்தார். பை ஒழுகியது என்று சோதனை அறிக்கையில் எழுதியாயிற்று. வருத்தமாக இருக்கிறது.

அக்காவுக்கு அன்பு.

ஜோனாஸ்


பெரம்பூர்
12 அக்டோபர் 2025

அன்பு மாப்பிள்ளை,

இங்கே சுகம். உன் இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் வந்தன. நேரம் பார்த்தாயா? ஒன்றில் மேளதாளம், ஒன்றில் இழவு.

ஒரே ஒரு கேள்வி. ஸ்டீல் சட்டத்தில் ஊக்கு ஏறாதே. நீ எதில் குத்தினாய்?

அத்தையை விசாரித்ததாகச் சொல்.

வால்டர்


ஏரவாடா
16 நவம்பர் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

கர்த்தர் கிருபையால் சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஆலையில் வேலை அதிகம். நீங்கள் போன் செய்த நாட்களில் நான் கடைக்குப் போயிருந்தேன் என்று அம்மா சொல்லியிருப்பாள். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் பஸ்ஸுக்கு நிற்க முடியவில்லை. அம்மாவுக்கு இங்கே காம்ப் ஏரியாவில் ஒரு டாக்டர் புதிதாக ஒரு தைலம் கொடுத்திருக்கிறார், கொஞ்சம் தேவலை. நம் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை நன்றாக நடந்தது. ஏலத்தில் ஒரு பூசணிக்காய் எடுத்தேன். மூன்று நாளாக அதையே சாப்பிடுகிறோம்.

என் நாலு பேருக்கும் தீபாவளி போனஸ் வந்தது. கிருஷ்ணா தன் மகளுக்கு சைக்கிள் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

வேறு விசேஷம் இல்லை. அக்காவுக்கு அன்பு.

ஜோனாஸ்


பெரம்பூர்
23 நவம்பர் 2025

அன்பு மாப்பிள்ளை,

தைலத்தால் அத்தைக்குக் கொஞ்சம் தேவலை என்று அறிந்து சந்தோஷம். நாங்கள் சுகம்.

பை விஷயத்தில் நீ மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. பையில் எங்கள் பக்கம் ஏதோ குறை இருந்திருக்கலாம், மன்னிக்க வேண்டும் என்று உங்கள் மேடத்துக்கு நானே எழுதிவிட்டேன். என் ஆபீசிலும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். பிளாஸ்டிக்தானே, நூற்றில் ஒன்று அப்படி வரும். உன் பெயர் எங்கேயும் வராது.

கிறிஸ்துமஸ் கேக்குக்கு அத்தை முந்திரி அனுப்பச் சொன்னார்கள். அனுப்பியாயிற்று.

அன்புடன்,
வால்டர்


ஏரவாடா
14 டிசம்பர் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் சுகம். முந்திரி வந்தது. உங்கள் கடிதமும் வந்தது. அதைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. நீங்கள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, முந்திரியும் அனுப்பினால் மனுஷன் என்ன செய்வான்?

சட்டத்தின் கதவிடுக்கில் பிளாஸ்டிக் மடிப்பு மடிப்பாகப் பிதுங்கிக்கொண்டிருந்தது. மேலே சுற்றிய உறை என்று நினைத்து அதில்தான் குத்தினேன். அது உங்கள் பை. ஊக்கு உள்ளேயே இருந்ததால் அன்றைக்குத் தெரியவில்லை. லீவு முடிந்து காலையில் தோரணத்தைக் கழற்றி ஊக்கை உருவினேன், தண்ணீர் நூல் மாதிரி பீய்ச்சியது. ஊக்கைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். என் நாலு பேரின் முகம்தான் அப்போது கண்ணுக்கு முன்னால் நின்றது. என் முகமும்தான்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் காலையிலேயே மேடத்திடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் கேட்டார்: "ஜோனாஸ், ஒரு ஓட்டைய வச்சு நான் புதுக் கூடத்தையே முடிவு பண்ணுவேன்னு நினைச்சியா?"

நான் நினைத்தேன் என்றேன்.

"பாத்திரத்தப் பாத்து முடிவு பண்றதில்லப்பா. அதுல என்ன சமைக்கப் போறோம்னு பாக்கணும். புதுக் கூடத்த ரெண்டாப் பிரிச்சிருக்கோம். பெரிய கூடத்துல வருஷம் பூரா ஒரே மருந்து, ஒரே அளவு. அதுக்கு ஸ்டீல்தான். எனக்கு அது ஆகஸ்ட்லயே தெரியும். சின்னக் கூடத்துல மூணு புது மருந்து மாறி மாறி வரும், அங்க தினம் கழுவிக்கிட்டிருந்தா கட்டாது. அங்க பை வைக்கலாம்னு இருந்தேன். உன் ஓட்டையால அத அடிச்சிட்டேன்."

உங்களுக்கு வந்திருக்க வேண்டியதை நான்தான் தடுத்தேன். எனக்கு ஆபத்தே இல்லாத இடத்தில் நான் பொய் சொல்லி உட்கார்ந்திருந்தேன்.

உபரிப் பையை மாட்டி மறுபடி சோதனை வைத்தோம். பூ கிடையாது. ஒரு வாரமும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. என்ன நடந்தது என்பதை எல்லார் முன்னாலும் நானே வாசித்துக் காட்ட வேண்டும் என்பது மேடம் கொடுத்த தண்டனை. வாசித்தேன். கிருஷ்ணா எழுந்து, தோரணம் கொண்டு வந்தது நான், பாதித் தப்பு என்னுடையது என்றார். அதற்குப் பிறகு யாருக்கும் கோபமாக இருக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. பெரிய கூடத்துக்கு ஸ்டீல், சின்னதற்கு உங்கள் பை. பை மாட்டக் கற்றுக்கொடுப்பதும் எங்கள் ஐந்து பேர் பொறுப்பு.

சின்ன ஆர்டருக்கு மேனேஜர் பதவி வராது என்று எனக்குத் தெரியும். அக்காவிடம் எப்படிச் சொல்வீர்கள் என்று நினைத்தாலே சங்கடமாக இருக்கிறது. என்னை மன்னித்துக்கொள்ளுங்கள், அத்தான். அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

உங்கள்,
ஜோனாஸ்


பெரம்பூர்
4 ஜனவரி 2026

அன்புத் தம்பி ஜோனாஸுக்கு அக்காவின் புத்தாண்டு ஆசீர்வாதங்கள்.

நான் நல்ல சுகம். உன் அத்தானும் சுகம், ஆனால் கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு திரிகிறார். அதனால் இந்தத் தடவை பதில் நான் எழுதுகிறேன்.

ஊக்கு விஷயத்துக்காக நீ இனி அழ வேண்டாம். உன் தசராக் கடிதத்தைப் படித்த அன்றைக்கே நாங்கள் இருவரும் கண்டுபிடித்துவிட்டோம். தானாகச் சொல்வான், காத்திருங்கள் என்று அத்தானிடம் நான்தான் சொன்னேன். நீ சொன்னாய். எனக்கு உன் மேல் பெருமையாக இருக்கிறது.

இப்போது என் விஷயம். ஆறு மாதமாக நீங்கள் இரண்டு பேரும் எழுதிக்கொண்ட எல்லாக் கடிதங்களையும் படித்தேன். அநேகமாக எல்லாவற்றிலும் கடைசி வரியில் எனக்கு அன்பு வந்தது. மேலே உள்ள வரிகளில், நான் புனேக்கு வருவேனா மாட்டேனா என்பதை ஒருவர் தொட்டியை வைத்தும் ஒருவர் பையை வைத்தும் பேசிக்கொண்டிருந்தீர்கள். எனக்கு எங்கே இருக்க ஆசை என்று இரண்டு பேரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில் நவம்பரிலேயே புனே காம்ப்பில் இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு டீச்சர் வேலைக்கு எழுதிப் போட்டேன். ஜூனில் வந்து சேரச் சொல்லிவிட்டார்கள்.

உன் டிசம்பர்க் கடிதத்தைப் படித்துவிட்டு அத்தான், "போச்சு கரோலின், புனே இல்ல" என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மேனேஜராக இல்லாமல் இப்போது இருக்கிற வேலையிலேயே மாற்றல் கேட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டேன். கேட்கவில்லையாம். கேட்பது கௌரவக் குறைச்சலாம். பள்ளிக்கூடத்துக் கடிதத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "நான் போறேன். நீங்க வாறதும் வராததும் உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். உண்மையில் தூங்கவில்லை, பயமாக இருந்தது.

மறுநாள் போய்க் கேட்டிருக்கிறார். புனேக்குப் போக ஆள் கிடைக்காமல் இரண்டு வருஷமாகத் தேடுகிறோம், நீங்கள் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று அவருடைய மேலதிகாரி கேட்டாராம். வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்று இதைச் சொன்னார். நான் சிரித்தேன். பிறகு அழுதுவிட்டேன். அவரும்.

எனக்கு முன்னால் அவர்தான் வருகிறார், பிப்ரவரியில். பரீட்சை முடியாமல் நான் நகர முடியாது. அதுவரை அவர் உங்களோடு தங்குவார். அம்மாவிடம் நானே பேசிவிட்டேன்.

கடைசியாக ஒன்று, இது உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து. அடுத்த தடவை என்னைப் பற்றி ஏதாவது முடிவு செய்ய வேண்டியிருந்தால், என் போன் நம்பர் இருவரிடமும் இருக்கிறது.

பிரியமுள்ள அக்கா,
கரோலின்